ரீசெட் துளையில் ஊசி குத்துமுன்

ரவுட்டரின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். நெட் நின்றுபோனால் வீட்டில் யாராவது ஒருவர் ஊக்கைத் தேடி எடுத்துக்கொண்டு நேராக அங்கேதான் போவார். தயவுசெய்து குத்தாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பிளக்கைக் கழற்றி 30 விநாடி விட்டுத் திரும்பப் போடுவது ரீஸ்டார்ட். அதில் எதுவும் அழியாது. துளையில் 10 விநாடி அழுத்திப் பிடிப்பது ரீசெட். நிறுவனத்தார் ஏற்றிவிட்டுப் போன பயனர் பெயர், கடவுச்சொல், வீட்டுத் தொலைபேசிக்கான அமைப்பு எல்லாம் அதோடு போய்விடும். வைஃபை பெயரும் பழையபடி தொழிற்சாலைப் பெயராகிவிடுவதால் டிவி, கமரா, சோலார் இன்வேர்ட்டர் என்று இணைந்திருந்த அத்தனையும் கழன்றுகொள்ளும். ஒரு பழுது இருந்த வீட்டில் இப்போது ஐந்து பழுது.

டெப்பாக (டேப்லெட்) இருந்தாலும் சோலாராக இருந்தாலும் இதே விதிதான். ஒவ்வொரு கருவியும் தனக்கு என்ன நோய் என்பதை ஒரு விளக்காலோ ஓர் எண்ணாலோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால், சரிவந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபைபர் இணைப்பில் பார்க்க வேண்டிய விளக்குகள் மூன்று. எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுங்கினாலோ ஒளி வீடு வரைக்கும் வரவில்லை. ரவுட்டரில் எதைத் தட்டினாலும் பயனில்லை. பச்சை முனை கொண்ட அந்த மெல்லிய கேபிள் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, அலுமாரிக்குப் பின்னால் ஒடிந்தாற்போல் மடிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதை 3 சென்ரிமீற்றர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. கழற்றி முனைக்குள் கண் வைத்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே இருக்கும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரைக்குக் கேடு. பிஓஎன் (PON) விளக்கு நிலையாக எரிந்து, இன்ரநெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் கம்பி நலம். கணக்கிலோ பயனர் பெயரிலோதான் சிக்கல். பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், வந்துசேரும் ஒளியின் அளவைக் காட்டும் ஓர் எண் இருக்கும். அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் (பலத்தை அளக்கும் அலகு) இடையில் இருக்க வேண்டும். மைனஸ் 27ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு வந்து வந்து போகும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைக்கும்போது “நெட் ஸ்லோவாக இருக்கு” என்று சொல்வதைவிட “எல்ஓஎஸ் சிவப்பு” என்றோ “ஒளி மைனஸ் 28” என்றோ சொன்னால் வேலை விரைவில் நடக்கும்.

எல்லா விளக்கும் பச்சை, ஆனாலும் ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிகிறதா? அடப்டரைச் சந்தேகியுங்கள். கொழும்பின் வெக்கையில் அதற்குள் இருக்கும் கப்பாசிட்டர்கள் இரண்டு மூன்று வருடத்தில் காய்ந்துபோகும். சும்மா கழற்றி அளந்தால் 12 வோல்ட் காட்டும். ரவுட்டர் உழைக்கத் தொடங்கியதும் 10.5க்கு இறங்கும். புதிது வாங்கும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், அம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. முனையின் அளவையும் பாருங்கள். 5.5க்கு 2.1 மில்லிமீற்றர் துளையும் 5.5க்கு 2.5 துளையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாறிப்போனால் ஒன்று உள்ளே போகாது, மற்றது தொளதொளவென்று ஆடி இணைப்பை விட்டு விட்டுத் தரும். பழைய அடப்டரைக் கையோடு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கோ புறக்கோட்டைக்கோ கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவதே நல்லது.

2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்த நாளிலிருந்து ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வைக்காத வீடு குறைவு. ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் மணிக்கணக்கை நம்பாதீர்கள். 8800 மில்லி அம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. பெருக்கினால் 32.5 வாட் மணி. 12 வோல்ட்டுக்கு உயர்த்தும்போது போகும் நட்டத்தைக் கழித்தால் 27 அல்லது 28. ஃபைபர் ரவுட்டர் 10 வாட் இழுத்தால் இரண்டே முக்கால் மணித்தியாலம். அவ்வளவுதான்.

இனி டெப்.

சிம் போட்ட டெப்பில் “யூரியூப் ஓடுது, வங்கி ஆப் திறக்குதில்லை” என்றால் பழுது டெப்பில் இல்லை, பெக்கேஜில். குறிப்பிட்ட ஆப்புக்கு மட்டும் உரிய டேட்டா மிச்சமிருக்க, பொதுவான டேட்டா தீர்ந்திருக்கும். பகல் டேட்டா முடிந்து இரவு டேட்டா மட்டும் மிஞ்சியிருந்தாலும் இதே கோலம்தான், நள்ளிரவுக்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். மொத்த மீதியைப் பார்க்காமல் வகைவகையாகப் பிரித்துப் பாருங்கள்.

எந்தப் பக்கமும் திறக்காமல் “பாதுகாப்பான இணைப்பு இல்லை” என்று வந்தால் திகதியைப் பாருங்கள். பற்றரி முழுதாக இறங்கிக் கிடந்த டெப்பில் வருடம் பின்னுக்குப் போயிருக்கும். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்று டெப் முடிவு கட்டிவிடும். திகதியைத் தானியங்கிக்கு மாற்றினால் போதும்.

சிக்னல் கோடு முழுதாக இருக்கிறது, 4ஜி என்றும் எழுதியிருக்கிறது, ஒன்றுமே வரவில்லை என்றால் ஏபிஎன் (APN), அதாவது நிறுவனத்தின் டேட்டா வழிக்கான பெயர், பிழை. வெளிநாட்டிலிருந்து வந்த டெப்பிலும், சிம்மை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய டெப்பிலும் இது அடிக்கடி நடக்கும். பழைய ஏபிஎன்னைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதிதாக ஒன்றைச் சேர்த்து, சேமித்து, அதைத் தெரிவுசெய்யுங்கள். எழுத்துக்கு எழுத்து நிறுவனம் சொன்னபடி இருக்க வேண்டும், கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் ஓடாது. வீட்டு 4ஜி ரவுட்டருக்குத் தந்த சிம்மைக் கழற்றி டெப்பில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்த வகை சிம் பெரும்பாலும் அந்த ரவுட்டரோடு கட்டப்பட்டது. டெப்பில் சிக்னல் காட்டினாலும் டேட்டா தராது.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மாமா அனுப்பிய டெப் “சிம் ஏற்கப்படவில்லை” என்றால் அது அங்குள்ள நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டிருக்கலாம். கனடாவில் 2017 டிசம்பர் 1இலிருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்தும் பூட்டிய கருவிகளை விற்கக் கூடாது. அதற்கு முந்தியது என்றால் வாங்கிய நிறுவனத்திடமே திறக்கச் சொல்ல வேண்டும். இங்குள்ள கடைகளில் “திறந்து தருகிறோம்” என்று மென்பொருளை மாற்றிவிடுவதற்கு இணங்காதீர்கள். 2024இல் வந்த எம்4 ஐபேட் ப்ரோவில் சிம் தட்டே கிடையாது, கருவிக்குள்ளேயே பதிந்த இசிம் மட்டும்தான். பழைய டெப் ஒன்றை இங்கே விலைக்கு வாங்குவதானால், பணம் கொடுக்குமுன் ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கருவியின் 15 இலக்க அடையாள எண்ணையும் எழுதி 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். அன்ரொய்டில் அந்த எண் ‘சாதனத்தைப் பற்றி’ என்ற பக்கத்திலும், ஐபேட்டில் ‘பொது’ என்பதற்குள்ளும் கிடைக்கும்.

சிம்மின் இரகசிய எண்ணை மூன்று முறை பிழையாக அடித்தால், சிம்மைத் திறக்கும் பக் (PUK) எண் கேட்கும். அதையும் பத்து முறை பிழைத்தால் அந்த சிம் குப்பைக்குத்தான். பிள்ளைகள் விளையாடும் டெப்பில் சிம் பூட்டை எடுத்துவிடுவது நல்லது.

கோடுகளைப் பற்றி ஒரு விஷயம். அன்ரொய்டில் ‘சிம் நிலை’ என்ற இடத்தில் சிக்னல் டிபிஎம்மில் இருக்கும். மைனஸ் 80 அருமை, மைனஸ் 100 பரவாயில்லை, மைனஸ் 115 என்றால் வீடியோ அழைப்புக்கு வழியில்லை. ஆனால் வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கத்து மாடிவீடுகளில் பத்தாம் மாடியில் மைனஸ் 75 காட்டியும் வேகம் வராது. உயரத்திலிருந்து பல டவர்கள் ஒரே பலத்தில் தெரிகின்றன, ஒன்றன் பேச்சை மற்றது குழப்புகிறது. அங்கே சன்னலோரம் போவதைவிட உள்ளே வந்து, ஒரு சுவர் இடையில் நிற்கிற இடத்தில் டெப்பை வைத்தால் வேகம் கூடுவதுண்டு. சுவர் வேண்டாத டவர்களை மறைத்துவிடுகிறது.

சோலார் பக்கம் வந்தால், தொலைபேசியில் வரும் முறைப்பாடுகளில் பெரும்பங்கு மின்சாரத்தைப் பற்றியதே அல்ல. “சோலார் வேலை செய்யவில்லை, ஆப்பில் ஒஃப்லைன் என்று இருக்கு.” பெனலின் டிசி மின்சாரத்தை வீட்டு ஏசியாக மாற்றும் பெட்டியான இன்வேர்ட்டரின் முன்னால் போய் நில்லுங்கள். திரையில் வாட் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் மின்சாரம் ஒழுங்காக உற்பத்தியாகிறது. தொங்கிக்கொண்டிருக்கும் அந்த வைஃபை குச்சிக்குத்தான் வீட்டு நெட் கிடைக்கவில்லை. புது ரவுட்டர் போட்ட வீட்டிலும் கடவுச்சொல் மாற்றிய வீட்டிலும் இது கட்டாயம் நடக்கும்.

சொலார்மேன் வகைக் குச்சி என்றால் செய்ய வேண்டியது இது. போனின் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இதை மறந்தால் இணையம் இல்லாத வைஃபை என்று கண்டு போன் தானே கழன்றுகொள்ளும், பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வைஃபை பட்டியலில் ஏபி என்று தொடங்கி எண் வரிசையோடு ஒரு பெயர் இருக்கும், அதன் கடவுச்சொல் குச்சியின் ஸ்டிக்கரில் உண்டு. இணைந்ததும் பிரவுசரில் 10.10.100.254 என்று அடியுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே ஆங்கிலத்தில் அட்மின். உள்ளே வீட்டு வைஃபையைத் தெரிவுசெய்து கடவுச்சொல்லைக் கொடுத்துச் சேமியுங்கள். பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே வரவில்லையென்றால் ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸில் மட்டும் ஒளிபரப்புகிறது. குச்சிக்கு 2.4 மட்டும்தான் தெரியும். பெயர் வந்தும் இணைய மறுத்தால் ரவுட்டரின் பாதுகாப்பை டபிள்யூபிஏ3இலிருந்து டபிள்யூபிஏ2க்கு இறக்குங்கள். புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே வைத்துவிட்டால் இந்த வேலை எதுவுமே இல்லை.

அடுத்த குழப்பம் கணக்கு. ஆப்பில் இன்று 18 யூனிட் என்றிருக்கும், மீற்றரில் 11 யூனிட் மட்டுமே ஏற்றுமதியாகியிருக்கும். களவு ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் 7 யூனிட்டைப் பகலில் உங்கள் வீடே சாப்பிட்டுவிட்டது. மீற்றரில் மாறி மாறி வரும் எண்களில் 1.8.0 என்பது நீங்கள் வாங்கியது, 2.8.0 என்பது நீங்கள் கொடுத்தது. மாதம் ஒரு முறை இரண்டையும் படம் எடுத்து வையுங்கள்.

கூரையில் 5 கிலோவாட் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டாவது ஏன் என்று இன்னமும் கேட்கிறார்கள். பற்றரி இல்லாத இன்வேர்ட்டர், தெருக்கம்பியில் மின்சாரம் இல்லாதபோது தானும் நிற்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. அதைச் சுற்றிப்போக வழி சொல்பவர் எவரையும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

இப்போது உண்மையான பழுது. கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் ஒரே தெருவில் பத்து வீட்டுக் கூரையில் சோலார் ஏறிய பிறகு, நல்ல வெயில் நாளில் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை இன்வேர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. திரையில் கிரிட் ஓவர் வோல்ட்டேஜ், அதாவது தெரு மின்சாரத்தின் வோல்ட்டேஜ் எல்லை மீறிவிட்டது என்று வரும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்ட பிறகு, அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். அது நாடளாவிய தேவைக்கும் உற்பத்திக்கும் இடையிலான சிக்கல். தெருவில் வோல்ட்டேஜ் ஏறுவது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு “சபைதான் நிறுத்துகிறது” என்று விட்டுவிடாதீர்கள்.

இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 6 வீதம் கூடலாம் குறையலாம். அதாவது 216இலிருந்து 244 வரை. இன்வேர்ட்டர் தன் மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால் தெருவைவிடச் சற்று உயர்ந்த வோல்ட்டேஜில் நிற்க வேண்டும். எவ்வளவு உயர வேண்டும் என்பதை உங்கள் வயர் தீர்மானிக்கிறது. 5 கிலோவாட் முழு வெயிலில் ஏறக்குறைய 22 அம்பியர் தள்ளும். இன்வேர்ட்டரிலிருந்து மீற்றருக்கு 30 மீற்றர் தூரம், 4 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் என்றால் அந்த வயரிலேயே 6 வோல்ட் ஏறும். 6 சதுர மில்லிமீற்றருக்கு 4 வோல்ட். 10க்கு இரண்டரைதான். தெரு 248இல் நிற்கும்போது இந்த 6 வோல்ட் சேர்ந்தால் 254. பல இன்வேர்ட்டர்கள் 253இலேயே கையை எடுத்துவிடும். திரும்ப இணைய 5 நிமிடம் வரை காத்திருக்கும். ஒரு நண்பகலில் 12 தடவை இப்படி நின்றால் ஒரு மணித்தியாலம், ஏறத்தாழ 4 யூனிட் காற்றோடு போயிற்று.

யார் பக்கத்துப் பிழை என்று கண்டுபிடிக்க ஒரே நேரத்தில் இரண்டு எண் போதும். வெயில் உச்சத்தில், இன்வேர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் திரையில் உள்ள ஏசி வோல்ட்டேஜைப் படியுங்கள். அதே நிமிடம் எலெக்ட்ரீஷியன் மீற்றர் பக்கத்து மெயின் சுவிட்சில் அளக்கட்டும். இன்வேர்ட்டரில் 253, மெயினில் 251 என்றால் தெருதான் உயர்ந்திருக்கிறது. இன்வேர்ட்டரில் 253, மெயினில் 244 என்றால் உங்கள் வயர் மெலிது, அல்லது இடையில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது. 30 மீற்றரில் 9 வோல்ட் என்பது 4 சதுர மில்லிமீற்றருக்கும் அதிகம், ஆகவே ஐசோலேட்டரையும் பிரேக்கரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கோ ஒரு முனை கறுத்துப்போயிருக்கும். வயரைப் பெரிதாக்கும் வரை, சலவை இயந்திரத்தையும் தண்ணீர் மோட்டரையும் நண்பகலில் ஓடவிடுங்கள். வெளியே போகும் அளவு குறையக் குறைய வோல்ட்டேஜும் இறங்கும். இன்வேர்ட்டரின் மேல் எல்லையை 270க்கு ஏற்றிவிட்டுப் போகிறேன் என்று சொல்லும் தொழில்நுட்பவியலாளரைத் தடுங்கள். சத்தம் நின்றுவிடும், ஆனால் அப்படி ஏறும் வோல்ட்டேஜ் உங்கள் குளிர்சாதனப்பெட்டிக்கும்தான் போகும்.

மூன்று கட்ட (த்ரீ பேஸ்) இணைப்புள்ள வீட்டில் ஒரு கட்டத்தில் 270, இன்னொன்றில் 180 என்று கண்டால் இதையெல்லாம் அளந்துகொண்டு நிற்க வேண்டாம். நியூட்ரல் கழன்றிருக்கிறது. மெயினை உடனே இறக்கிவிட்டுச் சபைக்கு அழையுங்கள்.

இரவு மழை பெய்த காலையில் மட்டும் இன்வேர்ட்டர் சிவந்து, ஐஎஸ்ஓ என்றோ இன்சுலேஷன் என்றோ சொல்லி, பத்து மணிக்கு வெயில் காய்ந்ததும் தானே சரியாகிவிடுகிறதா? “சரியாகிவிட்டதுதானே” என்று விடக்கூடாத பழுது இது. டிசி கேபிள் எங்கோ உரிந்திருக்கிறது, அல்லது பெனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டருக்குள் நீர் போகிறது. ஓட்டின் கூர்விளிம்பு, தகரத்தின் ஓரம், எலிப்பல், மூன்றுமே வழக்கமான காரணங்கள். கனெக்டரை ஆண்முனை ஒரு கம்பனியிலும் பெண்முனை வேறு கம்பனியிலும் போட்டிருந்தால், பார்வைக்குப் பொருந்தினாலும் உள்ளே தொடுகை சரியாக அமையாது. சூடாகி உருகும். குறடால் நசுக்கிய முனையும் அப்படித்தான், அதற்குரிய கிரிம்பிங் கருவி இல்லாதவர் கையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். வெள்ளவத்தை, கல்கிசைப் பக்கம் உப்புக்காற்று வேறு. துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

கூரைக்கு நீங்களே ஏறி எம்சி4ஐ இழுத்துக் கழற்றாதீர்கள். பத்து பெனல் வரிசையில் 450 வோல்ட் டிசி நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றினால் எழும் தீப்பொறி ஏசி போல் அணையாது, நீண்டுகொண்டே எரியும். ஏசி பிரேக்கரை முதலில், டிசி ஐசோலேட்டரைப் பிறகு, அதன்பின் குறைந்தது 5 நிமிடம் பொறுத்துத்தான் மூடியைத் தொட வேண்டும். வருபவரும் இந்த ஒழுங்கில் செய்கிறாரா என்று பாருங்கள்.

உற்பத்தி மெல்ல மெல்லக் குறைவதற்கு வேறு கணக்கு. கொழும்பில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 100 முதல் 120 யூனிட் என்பது பொதுக் கணக்கு, மழை மாதத்தில் குறையும். பக்கத்து வீட்டுக் கூரையோடு ஒப்பிடுவதே நியாயமான அளவுகோல். முதல் சந்தேகம் காகம். மழை தூசியைக் கழுவும், காக எச்சத்தைக் கழுவாது. அது மறைத்த செல் சூடேறி, நாளடைவில் பழுப்புப் புள்ளியாகும். நம் ஊர்ப் பெனல்கள் சாய்வு குறைவாக இருப்பதால் கீழ்ச் சட்டத்தின் ஓரத்தில் சேறு ஒரு கோடாகப் படிந்து அடிவரிசைச் செல்களை முழுதாக மறைக்கும். காலையில், பெனல் சூடாகுமுன், மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்நீர் ஊற்றாதீர்கள்.

கழுவியும் ஏறவில்லையென்றால் இன்வேர்ட்டரை நிறுத்தி வரிசையின் திறந்த வோல்ட்டேஜை அளக்கச் சொல்லுங்கள். பின்னட்டையில் 49.5 வோல்ட் என்று எழுதிய பத்து பெனல் 25 பாகையில் 495 தரும். நண்பகலில் பெனல் 60 பாகை சூட்டில் இருக்கும்போது பாகைக்கு 0.27 வீதம் இறங்கி ஏறத்தாழ 448. மீற்றர் 403 காட்டினால் ஒரு முழுப் பெனல் இல்லை. 433 காட்டினால் ஒரு பெனலின் மூன்று பைபாஸ் டயோட்டுகளில் (நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்சாரத்தை விடுபவை) ஒன்று ஷோர்ட் ஆகியிருக்கிறது. அந்த 15 வோல்ட்டை அளக்காமல் “பெனல் பழசாயிற்று” என்று முழுத் தொகுதியையும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. உத்தரவாதத்தில் தீரக்கூடிய விஷயம் அது.

பற்றரி வைத்த வீடுகளுக்குச் சுருக்கமாக: ஈய அமிலப் பற்றரி ஓய்வில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போகும். லிதியம் போட்டுவிட்டு இன்வேர்ட்டரில் பற்றரி வகையை மாற்ற மறந்தால், முழுச் சார்ஜுக்கு நெருங்கும்போது பற்றரி தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும். இரண்டையும் இணைக்கும் தொடர்புக் கேபிள் சாதாரண நெட்வேர்க் கேபிள் போலவே இருந்தாலும் உள்ளே கம்பிகளின் ஒழுங்கு வேறு. பெட்டியோடு வந்ததைத் தொலைத்துவிடாதீர்கள்.

இடி மின்னல் கூடும் ஏப்ரலுக்கும் ஒக்டோபருக்கும் முன் சோலார் பெட்டிக்குள் சர்ஜ் காப்பானின் சின்னச் சன்னலைப் பாருங்கள். பச்சை சிவப்பாகியிருந்தால் அது ஒரு தடவை உங்களைக் காத்துவிட்டு இறந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

தெரு வோல்ட்டேஜ்தான் காரணம் என்று தெரிந்தால், மூன்று நாள் தொடர்ந்து காலை 8, நண்பகல் 12, பிற்பகல் 1 மணிக்கு மெயினில் வோல்ட்டேஜை அளந்து, மல்டிமீற்றரும் கடிகாரமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு மின்சார சபை என்றால் 1987, லெக்கோ (லங்கா மின்சாரக் கம்பனி) என்றால் 1910. கணக்கு இலக்கத்தையும் இந்த ஒன்பது எண்களையும் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டிரான்ஸ்போமரின் வோல்ட்டேஜ் படியை ஒன்று இறக்குவதோ, உங்கள் இணைப்பைச் சுமை கூடிய வேறு கட்டத்துக்கு மாற்றுவதோ அவர்களால்தான் முடியும்.